பட்டணம் வளர்ந்த கதை – 23: பேட்டாவில் வளர்ந்த கோடம்பாக்கம்

சென்ற இரு வாரங்களும் பெரம்பூரில் இருந்தோம். பின்னி ஆலையின் சங்கு, 1921 வேலைநிறுத்தம், பிறகு 1955-இல் வந்த ரயில்பெட்டித் தொழிற்சாலை. அவை ஊரை எப்படி வளர்த்தன என்று சொல்ல அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போவார்கள், சம்பளத் தேதியில் கடைத்தெரு நிறையும். இந்த வாரம் போகும் ஆற்காடு சாலையில் சங்கு கிடையாது. சம்பளத் தேதியும் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஆனாலும் கோடம்பாக்கம் ரயில்வே கேட்டுக்கு மேற்கே வயலும் தோப்புமாகக் கிடந்த நிலத்தை ஒரு தலைமுறைக்குள் நகரமாக்கியது அங்கே நடந்த தொழில்தான்.

சென்னையின் பொருளாதார வரலாற்றை எழுதியவர்கள் இந்தத் தொழிலைப் பெரும்பாலும் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிட்டார்கள். அரசியல் வரலாற்றை எழுதியவர்கள் நட்சத்திரங்களோடு நின்றுவிட்டார்கள். இரண்டு கூட்டத்தாரும் தச்சரைப் பார்க்கவில்லை. எனக்கு இந்த அத்தியாயத்தில் தச்சர்தான் முக்கியம். அவரோடு மோல்டிங் போடுகிறவர், சீன் பெயிண்டர், லைட்மேன், நெகட்டிவ் வெட்டுகிற பெண், மூன்றாவது வரிசை வயலின்காரர். கதாநாயகர்களைப் பற்றிப் படிக்க வாசகர்களுக்கு வேறு இடங்கள் நிறைய உண்டு.

கதை 1931-இல் தொடங்குகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் அது. கோடம்பாக்கம் அந்தத் தடத்தில் ஒரு சின்ன நிறுத்தம். அதே வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் ‘காளிதாஸ்’ வெளியானது. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று நாம் கொண்டாடுவது இதைத்தான். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நம் ஊர்க்காரர், ஆனால் படம் எடுக்கப்பட்டது பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியில். அடுத்த சில வருஷங்களுக்கும் இதே கதைதான். நாடகக் கம்பெனி நடிகர்கள், ஆர்மோனியக்காரர், சமையல்காரர் என்று ஒரு பட்டாளமே ரயிலேறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் புனாவுக்கும் கோலாப்பூருக்கும் போய், படத்தை முடித்துக்கொண்டு திரும்பும். ஸ்டூடியோ வாடகையும் கேமராக்காரர் கூலியும் பிலிம் கழுவும் செலவும் அந்தந்த ஊரிலேயே தங்கிவிடும். தமிழ்ப் படம் பார்க்கத் தமிழ்நாடு கொடுத்த காசில் நல்ல பங்கு வடக்கே போய்க்கொண்டிருந்தது.

ஓசைப்படத்துக்கு முன்பே சென்னையில் முயற்சிகள் இருந்தன. மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர். நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஊமைப்படம் எடுத்தார். ஆனால் பேசும்படத்துக்கான ஸ்டூடியோ என்று இங்கே ஒன்று வந்தது 1934-இல்தான். ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாசா சினிடோன் அது. அங்கே தயாரான ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’ படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. ஒலிப்பதிவில் ஆண்களே புதியவர்களாக இருந்த காலம் அது. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சினிமா வரலாற்றுக்காரர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் சென்னை நகரத்தின் கதையில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி. 1930-களின் நடுவில் இந்தப் பந்தயத்தில் சென்னை முந்தி இருக்கவில்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. மூன்றும் கம்பீரமானவை. சுந்தரம் இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்தவர். ஸ்டூடியோவையும் ஆலை மாதிரியே நடத்தினார்: நேரத்துக்கு வேலை, கண்டிப்பு, வருஷத்துக்கு இத்தனை படம் என்று திட்டம். முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’ (1938) அவர் தயாரிப்பு. முழு வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவருடையது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் ஏற்காடு சாலையில் இருந்த அந்த வளாகத்திலிருந்து வந்தன. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) கோவை சென்ட்ரலில் எடுத்தது. இவ்வளவும் இருந்தும் சேலம் ஏன் கோடம்பாக்கம் ஆகவில்லை?

பருவநிலை, ரயில், மூலதனம் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. சேலத்தில் முதலாளி ஒருவர். நீங்கள் நல்ல மோல்டிங்காரர் என்றால் உங்களை வேலைக்கு வைக்க ஒரே ஒரு கேட்தான் இருந்தது. அந்த கேட் மூடினால் உங்கள் கைத்தொழிலுக்கு அந்த ஊரில் வேலை இல்லை. கோவையிலும் ஏறக்குறைய அதுதான் நிலைமை. எழுதத் தெரிந்தவர்களுக்கும் இதே கணக்கு. மாடர்ன் தியேட்டர்ஸில் ‘மந்திரிகுமாரி’ (1950) எழுதிய மு. கருணாநிதியின் அடுத்த பெரிய வெற்றியான ‘பராசக்தி’ (1952) ஏவி.எம். வளாகத்தில் உருவானது. கோவையில் படமெடுத்த ஜூபிடர் கம்பெனியே சென்னைக்குக் குடிபெயர்ந்தது. சுந்தரம் 1963-இல் மறைந்தார். மெல்ல அந்த ஸ்டூடியோவும் ஓய்ந்தது. இன்று அங்கே முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே குடியிருப்பு. சேலம் வளர்ந்தது உண்மை. ஆனால் எஃகாலும் ஜவ்வரிசியாலும் வெள்ளிக் கொலுசாலும் வளர்ந்ததே தவிர சினிமாவால் அல்ல.

சென்னைக்கு வருவோம். கே. சுப்ரமணியத்தின் மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் ஸ்டூடியோ தீவிபத்தில் நாசமாகி ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் எஸ்.எஸ். வாசன். ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர், பட விநியோகஸ்தர், விளம்பரத்தின் அருமை தெரிந்தவர். 1941 முதல் அது ஜெமினி ஸ்டூடியோ. வாசனும் மாதச் சம்பள முதலாளிதான். கதை இலாகா முதல் நடனக்குழு வரை ஆட்களை வேலைக்கு அமர்த்தி வைத்திருந்தார். அசோகமித்திரன் அங்கே 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தார். செய்தித்தாளில் வந்ததைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவது அவர் வேலைகளில் ஒன்று. அந்த வளாகத்து மனிதர்களைப் பிறகு கட்டுரைகளில் எழுதினார். சினிமாத் தொழிலாளர் வாழ்க்கையை ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் வைத்தார். புரொடக்ஷன் மேனேஜர் என்கிற பிறவியைத் தமிழ் இலக்கியம் முதலில் சரியாகப் பார்த்தது அந்த நாவலில்தான் என்பது என் எண்ணம்.

வாசனின் ‘சந்திரலேகா’ (1948) பற்றி எல்லோரும் முரசு நடனத்தைச் சொல்வார்கள். நான் செலவைச் சொல்கிறேன். சுமார் 30 லட்சம் ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அது நட்சத்திரங்களுக்கு மட்டும் போகவில்லை. கூலியாகவும் பிரிந்தது. கலை இயக்குநர் ஏ.கே. சேகரின் கீழ் வேலை பார்த்த தச்சர்கள், ஓவியர்கள், மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள், வாடகைக்கு வந்த கமலா சர்க்கஸ், பரசுராம் சிங்க சர்க்கஸ் ஆட்கள், யானைப் பாகர்கள். தமிழில் மட்டும் வசூலித்தால் கட்டுப்படியாகாது என்று அதே வருஷம் இந்தியிலும் வெளியிட்டார் வாசன். நாடு முழுக்கக் கொட்டகைகள் நிறைந்தன. பதினேழு வருஷத்துக்கு முன் பம்பாய்க்குப் போன பணம் முதல்முறையாக எதிர்த் திசையில் வந்தது.

ஜெமினி இருந்தது நுங்கம்பாக்கம் பக்கம். கோடம்பாக்கம் எப்படி வந்தது? நிலம் மலிவு, பக்கத்தில் மின்சார ரயில், கிழக்கே 1920-களில் உருவான தியாகராய நகர். நடிகர்களும் இயக்குநர்களும் அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏவி. மெய்யப்பன் சென்னையில்தான் ஸ்டூடியோ கட்ட நினைத்தார். யுத்தகாலத்தில் மின்இணைப்பு கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால் காரைக்குடிக்குப் போய்க் கொட்டகை போட்டார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே எடுத்ததுதான். 1948-இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோடம்பாக்கம் வந்தார். அதே வருஷம் பக்கத்திலேயே வாஹினி ஸ்டூடியோ. மூலா நாராயணசாமி, பி.என். ரெட்டி ஆகியோரின் முயற்சி அது. பின்னால் நாகிரெட்டி கைக்கு வந்து விஜயா–வாஹினி ஆனது. உச்சத்தில் இருந்தபோது ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று பேசப்பட்டது. தொடர்ந்து பானுமதி–ராமகிருஷ்ணாவின் பரணி, எல்.வி. பிரசாத்தின் பிரசாத் ஸ்டூடியோ என்று ஆற்காடு சாலையின் இருபுறமும் படப்பிடிப்பு ஃப்ளோர்கள் எழுந்தன.

ஒரு ஃப்ளோருக்குள் போவோம். 1950-களின் நடுப்பகுதி, ராஜா கதை, தர்பார் செட். தரையில் சுண்ணாம்புக் கோட்டில் அளவு போட்டிருக்கிறது. சவுக்குக் கட்டையும் பலகைச் சட்டமும் கொண்டு தச்சர்கள் சுவரை நிறுத்துகிறார்கள். சட்டத்தின்மேல் துணி இழுத்து ஆணியடித்துக் காகிதம் ஒட்டுகிறார்கள். தூணின் சிற்பவேலை தனி ஆள் கையில். முதலில் களிமண்ணில் ஒரு யாளி செய்து, அதற்கு அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தேங்காய் நார் கலந்து வார்க்கிறார். நார் போட்டால்தான் மெல்லிய வார்ப்பு விரிசல் விடாது. ஒரு யாளி எட்டாகி, எட்டுத் தூணுக்கும் ஏறுகிறது. பிறகு பெயிண்டர். அவர் கறுப்பு வெள்ளைக் கண்ணால் பார்க்கப் பழகியவர். எந்தப் பச்சை படத்தில் எந்தச் சாம்பலாக விழும் என்று அவருக்குத் தெரியும். தையல்காரருக்கும் அந்தக் கணக்கு உண்டு. சுத்த வெள்ளைச் சேலை விளக்கில் கூசும் என்பதால் லேசாக மஞ்சளோ நீலமோ தோய்த்துக் கொடுப்பார். மேலே கட்டிய மரப்பாலத்தில் லைட்மேன்கள். விளக்குச் சூட்டில் கீழே இருப்பவர்களே வேர்த்து ஊற்ற, மேலே இருப்பவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. தர்பாரின் பின்புறம் போனால் வெறும் கட்டையும் கயிறும் சாக்கும்.

ஒரு வாரம் ஷூட்டிங். பிறகு செட் பிரிக்கப்படும். ஆணி பிடுங்கிய சட்டங்கள் அடுத்த ஃப்ளோரில் ஒரு பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குப் போகும்.

பின்னி ஆலைத் தறியும் இந்தத் தச்சரும் வேறுபடும் இடம் இதுதான். தறியில் நேற்று நெய்த அதே காக்கித் துணியை இன்றும் நெய்யலாம். நேற்றைய படத்தை இன்று எடுக்க முடியாது. ஒவ்வொன்றும் புதுச் சரக்கு. அதற்கு நூறு விதமான கைத்திறன் சில மாதம் ஒன்றுசேர வேண்டும், பிறகு கலைய வேண்டும், மறுபடி வேறு கணக்கில் சேர வேண்டும். காலை ஆறு மணிக்குத் துணை நடிகர் ஏஜென்ட் வந்து நாற்பது சேவகர் வேண்டும் என்றால் கிடைக்க வேண்டும். மத்தியானம் ஆர்மோனியத்தில் கட்டை பழுதானால் சரிசெய்பவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஆக, தொழிலாளி ஸ்டூடியோவுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். சாலிகிராமமும் வடபழனியும் தசரதபுரமும் நிறைந்தது இப்படித்தான். முன்னால் ஓட்டு வீடு, பின்னால் நாலைந்து ஒண்டுக்குடித்தனம். வாய்ப்புத் தேடி வந்தவர்களுக்கு மேன்ஷன். மெஸ்ஸில் அக்கவுண்ட். படம் ரிலீஸ் ஆகும்வரை பொறுக்கிற மளிகைக்கடைக்காரர்கள். அவர்களும் இந்தத் தொழிலுக்கு முதல் போட்டவர்கள்தான், டைட்டிலில்தான் பேர் வராது.

தயாரிப்பாளரின் முதலும் அப்படிப்பட்டதே. வங்கிகள் சினிமாவுக்குக் கதவு திறக்கவில்லை. மதுரை, திருச்சி, கோவை, விசாகப்பட்டினம் ஏரியா விநியோகஸ்தர்கள் கொடுக்கும் அட்வான்ஸ், கொட்டகைக்காரர்கள் தரும் மினிமம் கேரண்டி, கடல் கடந்த உரிமைக்கு வரும் எஃப்.எம்.எஸ். தொகை. இவற்றை வைத்துத்தான் படம் நகர்ந்தது. எத்தனையோ ஊர்களிலிருந்து திரண்ட காசு ஆற்காடு சாலையில் வந்து கூலியாகப் பிரிந்தது. துறைமுகத்துக்கு அடுத்தபடியாக வெளியூர்ப் பணத்தைச் சென்னைக்கு இழுத்து வந்த தொழில்களில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோடம்பாக்கம் தமிழால் மட்டும் நிற்கவில்லை. நாகிரெட்டியும் அவர் கூட்டாளி சக்கரபாணியும் ஒரே செட்டில் இரண்டு படம் எடுத்தார்கள். 1955-இல் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’, தமிழில் ‘மிஸ்ஸியம்மா’. இரண்டிலும் சாவித்திரி. தெலுங்கில் நாயகன் என்.டி. ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன். செட், விளக்கு, கேமரா, மேக்கப் எல்லாவற்றின் செலவும் இரண்டாகப் பங்கு பிரிந்துவிடும். ‘மாயா பஜார்’ (1957) இன்னும் பெரிய அளவில் இதே முறை. அதில் கேமரா பிடித்த மார்கஸ் பார்ட்லி ஓர் ஆங்கிலோ-இந்தியர். மினியேச்சராகச் செய்த துவாரகையை நிஜ நகரமாகக் காட்டினார். பட்டப்பகல் வெளிச்சம்போல விளக்கெரியும் ஃப்ளோருக்குள் அவர் வரவழைத்த நிலவொளியை இன்றும் ஒளிப்பதிவாளர்கள் பேசுகிறார்கள். ‘சந்திரலேகா’வுக்குக் கேமரா கமல் கோஷ், வங்காளி. மலையாளப் படம், கன்னடப் படம், இந்திப் படம் எல்லாம் இங்கே தயாராயின. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ (1947) மதுரையில் எஸ்.எம். நாயகத்தின் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) வரும்வரை சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களையே நம்பியிருந்தன. தமிழில் வேலை இல்லாத மாதம் தச்சருக்குத் தெலுங்கில் வேலை இருக்கும். ஒரு மொழியில் தயாரிப்பாளர் அடிவாங்கினாலும் தொழிலாளி பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சேலத்துக்கு இல்லாமல் போன பாதுகாப்பு இதுதான்.

1953-இல் ஆந்திரா பிரிந்தது, 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. சட்டமன்றம் போனது, கோப்புகள் போயின, அதிகாரிகள் போனார்கள். தெலுங்கு சினிமா மட்டும் வடபழனியை விட்டு நகர மனமில்லாமல் கிடந்தது. முதலமைச்சர்கள் அழைத்தும் உடனே கிளம்பவில்லை. காரணம் பாசமில்லை, இங்கிருந்த கைத்திறன் ஆட்கள்.

கைத்திறன் ஃப்ளோருக்குள் அடங்கிக் கிடக்கவுமில்லை. நாகிரெட்டி நடத்திய அச்சகத்திலிருந்து 1947 முதல் ‘அம்புலிமாமா’ வந்தது. சினிமாவுக்குக் கதை எழுதிய அதே சக்கரபாணிதான் பத்திரிகைக்கும் மூளை. ஒரு கட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியான பத்திரிகை அது. படங்கள் எல்லா மொழிக்கும் பொது, எழுத்து மட்டும் மாறும். ஃப்ளோரில் ஒரே செட்டில் இரண்டு மொழிப் படம் எடுத்த கணக்கை அச்சகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர் பல பத்தாண்டுகள் விக்கிரமாதித்தனையும் தோளில் தொங்கும் வேதாளத்தையும் வரைந்தார். அவர் வரைந்த கிரீடத்தையும் வாஹினி ஃப்ளோர் ராஜாக்களின் கிரீடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தெருக்காரர்கள் என்பது தெரியும்.

கட்அவுட் இன்னொரு கிளை. நாடகத் திரை எழுதிய சீன் பெயிண்டர்கள் சினிமா பேனருக்கு வந்தார்கள். மவுண்ட் ரோடு அவர்கள் காட்சிக்கூடம். 1957-இல் ‘வணங்காமுடி’க்காகச் சித்ரா தியேட்டரில் வைத்த சிவாஜி கணேசனின் கட்அவுட் 80 அடி உயரம். சிறு புகைப்படத்தில் கட்டம் போட்டு, பலகை பலகையாக வரைந்து, சவுக்கு மரச் சாரத்தில் கோத்து நிறுத்துவது ஓவியம், தச்சு, பொறியியல் மூன்றும் கலந்த வேலை. சினிமா கற்றுக்கொடுத்த அந்த வித்தையைக் கட்சிகள் எடுத்துக்கொண்டதை எல்லோரும் அறிவோம்.

இதையெல்லாம் ரொம்ப இனிப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. திரையில் அரண்மனை கட்டியவர் வீட்டில் அரிசிப் பானை பல மாதம் காலி. படம் பாதியில் நின்றால் கூலி நின்றுபோகும். கடைசி செட்டில்மென்ட் என்பது கடைசிவரை வராத செட்டில்மென்ட். பேட்டா என்கிற தினப்படி அன்றன்றைக்குக் கைக்கு வந்தது. அதுதான் குடும்பத்தை ஓட்டியது, அதனாலேயே அதை உரிமையாகப் பார்த்தார்கள். நாட்டியக்காரப் பெண்களும் துணை நடிகைகளும் ஏஜென்ட் கையை எதிர்பார்த்து நின்ற நிலைமை இதைவிட மோசம்.

மாற்ற முயன்றவர்களில் இருவர் பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. ஒருவர் நிமாய் கோஷ். தேசப் பிரிவினை அகதிகளைப் பற்றி வங்காளத்தில் ‘சின்னமூல்’ (1950) எடுத்துவிட்டு, சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராகப் பிழைத்தவர். மற்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். இருவரும் இடதுசாரிகள், இருவரும் சேர்ந்து வேலை செய்த படம் ‘பாதை தெரியுது பார்’ (1960). படம் ஓடவில்லை, சங்கம் ஓடியது. ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் தனிச் சங்கம், எல்லாவற்றுக்கும் மேலே பெப்சி என்கிற சம்மேளனம். வேலை நேரம் எவ்வளவு, ஒரு கால்ஷீட்டுக்குக் கூலி எவ்வளவு, வாத்தியம் வாசிப்பவருக்குப் பணம் எப்போது தர வேண்டும் என்பதெல்லாம் பேசி எழுதிய விதியானது. ரெக்கார்டிங் முடிந்த கையோடு கூலி வாங்கிக்கொண்டு போகும் நிலைமை இசைக்கலைஞர்களுக்கு வந்ததில் எம்.பி.எஸ்-ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கத்தின் இன்னொரு முகமும் உண்மை. சங்கக் கார்டு இல்லாதவன் உள்ளே வர முடியாது, கார்டு வாங்கப் பணமும் சிபாரிசும் வேண்டும். தயாரிப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு 1997-இல் எப்படி வெடித்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஃப்ளோரிடா என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். படைப்பாளிகளை ஈர்க்கும் நகரங்களே வளரும், அவர்களுக்குப் பிடித்த சூழலை நகரங்கள் அமைத்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். உலகம் முழுக்க மேயர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக்குக் கல் பதித்தார்கள். கோடம்பாக்கத்துக்கு யாரும் எந்தச் சூழலும் அமைத்துத் தரவில்லை. ரயில்வே கேட் மூடினால் நட்சத்திரத்தின் காரும் நிற்க வேண்டும். முகம் பார்க்கவே அங்கே கூட்டம் கூடும். 1960-களில்தான் மேம்பாலம் வந்தது. மழை பெய்தால் ஆற்காடு சாலை எப்படியிருக்கும் என்று இன்றைய வாசகருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் வந்தது வேலைக்காக, தங்கியது அடுத்த வேலைக்காக. அரசு உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு: 1945-இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் சொல்லித்தரத் தொடங்கியது. பிற்காலத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் போன்றவர்கள் வந்தது அந்தப் படிப்பின் வழியேதான். ஃப்ளோரிடாவைவிட 1890-இல் எழுதிய ஆல்ஃபிரட் மார்ஷலை வைத்துக்கொண்டால் கோடம்பாக்கம் சுலபமாகப் புரியும். ஒரே தொழில்காரர்கள் ஓரிடத்தில் அடர்ந்து வாழ்ந்தால் தொழில் இரகசியம் என்று ஒன்று மிஞ்சாது, பிள்ளைகள் தெரியாமலேயே கற்றுக்கொள்வார்கள் என்றார் அவர். இங்கே மேக்கப்மேன் மகன் இயக்குநராவதும், வாத்தியக்காரர் மகன் இசையமைப்பாளராவதும் சாதாரணம். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்தபோது அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் ஏ.ஆர். ரஹ்மான். வாத்தியங்களை வாடகைக்கு எடுக்க ஆள் இருக்கிற ஊராக இருந்ததால் அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு வருமானம் ஆயிற்று.

1970-களில் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. ஒரு பக்கம் நிலம். தொழிலாளிகள் வந்து குடியேறிக் கடை, பள்ளி, பஸ் எல்லாம் வந்த பிறகு அந்த நிலத்தின் விலை ஏறியது. ஒரு ஃப்ளோரின் நாள் வாடகையைவிட அந்த ஃப்ளோர் நின்ற மனைக்கு மதிப்பு அதிகம். நாகிரெட்டி 1972-இல் ஸ்டூடியோவை ஒட்டி விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். அதே வளாகத்தில் இப்போது பெரிய மால். ஜெமினி போன இடத்தில் ஹோட்டலும் வணிகக் கட்டடங்களும் வந்துவிட்டன. 1973-இல் பக்கத்தில் கட்டிய அண்ணா மேம்பாலத்தை ஜனங்கள் இன்றும் ஜெமினி பாலம் என்கிறார்கள். மறு பக்கம் ‘16 வயதினிலே’ (1977). இயக்குநர் பாரதிராஜா கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜக் கிராமத்துக்குப் போனார், படம் ஓடியது, எல்லோரும் கிளம்பினார்கள். யாளி வார்த்தவருக்கு வேலை குறைந்தது. அவுட்டோர் யூனிட் வேன் ஓட்டியவருக்கும் லைட்மேனுக்கும் கூடியது. வேன் புறப்படும் இடம் மட்டும் சாலிகிராமம்தான்.

தெலுங்கும் அப்போதுதான் மெதுவாக நகர்ந்தது. நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவ் 1960-களிலேயே ஹைதராபாத்துக்கு வீட்டை மாற்றியிருந்தார். 1976-இல் அங்கே அன்னபூர்ணா ஸ்டூடியோ திறந்தார். ஆந்திர அரசு மானியமும் வரிச்சலுகையும் கொடுத்தது. கர்நாடகமும் தன் மண்ணில் எடுக்கும் படங்களுக்கு மானியம் அறிவித்தது. கேரளம் 1975-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தையே அமைத்து, திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோவைக் கட்டியது. மூன்று மாநில அரசுகள் பணம் போட்டு இழுத்தும் நடிகர்கள் முதலில் போனார்கள், இயக்குநர்கள் பிறகு போனார்கள், ஃப்ளோர் வேலை அதற்குப் பிறகு. ஒலிப்பதிவும் பிலிம் கழுவும் லேபும் அப்போதும் போகவே இல்லை. 1980-களிலும் ஹைதராபாத்தில் எடுத்த படத்தின் நெகட்டிவ் பெட்டி ரயிலில் சென்னைக்கு வந்தது. பாட்டுப் பதிவு செய்ய இசையமைப்பாளர்கள் இங்கேதான் உட்கார்ந்தார்கள். பிரசாத் லேபின் இருட்டறையிலும் வடபழனி ரெக்கார்டிங் தியேட்டர்களின் வயலின் வரிசையிலும் இருந்தவர்கள் யார், கம்ப்யூட்டர் வந்தபோது அவர்கள் என்ன ஆனார்கள் என்பது அடுத்த வாரம்.